வீடும் பள்ளியும்

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

விழா மேடையில் வாழ்த்துரை வழங்குவதே மரபு. ஆயினும் செயலாளர் என்னை அழைத்தபோது, வாழ்த்துக்கு மாறாக ஒரு கேள்விக்கு விடை கூற அனுமதி வேண்டினேன். அக்கேள்வியை என்னிடம் கேட்டவர் நம் சங்கத்தின் இளம் உறுப்பினர் ஒருவர். ஆம்பூரை அடுத்த சிற்றூரைச் சேர்ந்தவர். பட்டயப் படிப்பு முடித்துக் காலணித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருப்பவர். அவருடைய மனைவி பட்டதாரி. ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகள்.

ஒரு நாள் வகுப்பில் அச்சிறுமியின் பாட்டனார் தோல் ஷாப்பில் வேலை செய்தவர் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. பக்கத்தில் இருந்த பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்து அமர்ந்திருக்கிறார்கள். ஆசிரியர் கண்டிக்கவில்லை, அவரும் சிரித்தார் என்பதுதான் சிறுமிக்குப் பெரும் வேதனை. மறுநாள் முதல் அவள் பள்ளிக்குப் போக மறுத்தாள்.

"ஐயா, இவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைத்தால் என்ன? என் மனைவி கற்பிப்பாள். திறந்தநிலைப் பள்ளி மூலம் தேர்வு எழுதலாம் என்கிறார்கள். பெங்களூரில் படித்தவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்களாம்" என்று அவர் கேட்டார். முப்பது ஆண்டுகள் ஆசிரியனாக இருந்த எனக்கு உடனே விடை வரவில்லை.

அவர் கூறியதில் பொய் ஒன்றும் இல்லை. பிள்ளைகளை வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோர் பெருநகரங்களில் இருக்கின்றனர். அமெரிக்காவில் ஜான் ஹோல்ட் என்னும் ஆசிரியர் 1977-இல் இதற்கெனவே ஒரு பத்திரிகை தொடங்கினார். நம் நாட்டில் 1989-இல் தோன்றிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி, பள்ளிக்குச் செல்லாதோரும் தேர்வு எழுத வழி செய்திருக்கிறது. காந்தியடிகள்கூடத் தென்னாப்பிரிக்காவில் தம் புதல்வர்களைப் பள்ளிக்கு அனுப்பாமல் தாமே கற்பித்தார். தமக்கு முறையான கல்வி கிட்டவில்லை என்ற குறை அப்புதல்வர்களுக்கு இருந்ததை அவரே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். எனினும் அவர் வழக்கறிஞர்; அவர் வீட்டில் நூல்கள் இருந்தன; அவரைக் காண வந்தோர் கற்றோர். அத்தகைய இல்லம் தன் பிள்ளையைத் தானே கற்பிக்கத் துணிவது ஒரு செய்தி. நம்மைப் பார்த்து, "உன் பிள்ளைக்கு வீடே பள்ளி" என்று பிறர் கூறியது மற்றொரு செய்தி. அதையும் நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும்.

1953-ஆம் ஆண்டில் சென்னை மாநில முதலமைச்சராக இருந்த இராஜாஜி, தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தார். கிராமப் பள்ளிகளில் குழந்தைகள் நாள்தோறும் மூன்று மணி நேரம் படித்தால் போதும். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்பது அதன் சாரம். கட்டடமும் பணமும் ஆசிரியரும் போதாத நிலையில், இரு வேளையாகப் பிரித்து மிகுதியான பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று அரசு காரணம் கூறியது. அக்காரணத்தை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் சுண்ணாம்புக் குழியில் இறங்கி நிற்பவரின் மகனுக்குப் பெற்றோரின் தொழில் என்பதன் பொருள் என்ன? தந்தை பெரியார் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்து எதிர்த்தார். திராவிட முன்னேற்றக் கழகம் போராடியது. காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வளர்ந்தது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். அவ்வாண்டு மே 18-ஆம் நாள் அத்திட்டம் கைவிடப்பட்டது.

அத்திட்டம் நடைபெற்ற ஓராண்டில் என் தந்தையார் மூன்றாம் வகுப்பு மாணவர். முற்பகல் பள்ளி, பிற்பகல் என் பாட்டனாருடன் தோல் ஷாப்பு. ஆவாரம்பட்டை இடிப்பதும், கடுக்காய் சுமப்பதும், ஊறிய தோலை ஒரு முனை பிடித்துத் தூக்குவதும் அவர் கற்ற பாடங்கள். சுண்ணாம்பு அரித்த விரல்களால் மறுநாள் பலப்பம் பிடிக்க இயலாது என்று பிற்காலத்தில் எங்களிடம் கூறுவார். திட்டம் ஓராண்டில் போயிற்று. என் தந்தையார் பள்ளிக்குத் திரும்பவில்லை. அவர் கொண்டுவந்த அணாக்கள் அதற்குள் வீட்டுச் செலவில் ஒரு கணக்காகிவிட்டன. பிள்ளையின் காலை ஒருமுறை பள்ளியிலிருந்து வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டால், மீண்டும் பள்ளிப் பக்கம் திருப்புவது எளிதன்று என்பதை நான் அவரிடமிருந்தே கற்றேன்.

அது பழங்கதை என்று இளைஞர்கள் எண்ணலாம். 2016-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று கூறுகிறது. எனினும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்று ஒரு விலக்கும் அதில் இருக்கிறது. நம் வட்டாரத்தில் இந்த விலக்கின் பொருளைத் தாய்மார்கள் அறிவார்கள். காலணியின் மேற்பகுதியைக் கையால் தைக்கும் வேலை வீடு தேடி வருகிறது; ஜோடிக்குச் சில ரூபாய் கூலி. நாளைக் காலை கொடுத்தாக வேண்டும் என்றால், மகளும் ஊசியை எடுக்கிறாள். அது தாயின் குற்றமன்று, கூலியின் குற்றம். ஆயினும் மூடி வைக்கப்படுவது மகளின் புத்தகமே.

வீட்டுக் கல்வி நம் தெருக்களில் எப்படி இருக்கும் என்பதை நாம் ஊகிக்கவும் வேண்டியதில்லை. கொரோனாக் காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் நாள்தான் திறந்தன. ஏறத்தாழ இருபது மாதங்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் வீடே பள்ளியாயிற்று. தனியறையும் கைப்பேசியும் கற்ற பெற்றோரும் உள்ள வீட்டில் பிள்ளை படித்தது. ஒரே அறையில் ஆறு பேர் வாழும் வீட்டில், இருந்த ஒரு கைப்பேசியும் தந்தையோடு வேலைக்குப் போயிற்று. அரசு 2021-இல் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கித் தன்னார்வலர்களை அனுப்ப நேர்ந்ததே, வீடு தனித்து நின்று இப்பணியைச் செய்ய இயலாது என்பதற்குச் சான்று.

இதில் என் குறையையும் நான் மறைக்கலாகாது. பள்ளி திறந்தபோது எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வரவில்லை. நாளை வருவான் என்று எண்ணி, மூன்று வாரம் கழித்தே அவன் வீட்டிற்குச் சென்றேன். வயதைக் கூட்டிச் சொல்லி ஒரு பட்டறையில் பசை பூசும் வேலையில் சேர்ந்திருந்தான். "இப்போது சம்பளம் வாங்குகிறான் ஐயா" என்றார் அவன் தாயார். என் தந்தையாரின் அணாக்கள் என் நினைவுக்கு வந்தன. முதல் வாரமே சென்றிருந்தால் அவன் வந்திருப்பான் என்று இன்றும் எண்ணுகிறேன்.

இனி, அந்த இளைஞரின் முதன்மையான வாதத்துக்கு வருகிறேன். "பள்ளியில் என் மகள் அவமதிக்கப்படுகிறாளே" என்கிறார். அது மெய். 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், உடன் படித்த மாணவர்களே நம் சமுதாய மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் வெட்டிய கொடுமையை நாடறியும். அவர்களது தொல்லை தாங்காமல் அம்மாணவர் பள்ளிக்குச் செல்லாது நின்றிருந்தார். பள்ளியில் காரணத்தைச் சொன்ன பிறகு, வீடு புகுந்து வெட்டினர். வீட்டிலிருந்தால் காப்பு என்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். அம்மாணவர் மருத்துவமனையிலிருந்து மீண்டு, மறு ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் தேறினார். அக்கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு அவர்களின் குழு 2024-இல் அரசிடம் அறிக்கை அளித்தது. பள்ளிகளின் பெயர்களிலுள்ள சாதி அடையாளங்களை நீக்குவது உள்ளிட்ட பல பரிந்துரைகள் அதில் உண்டு.

அண்ணல் அம்பேத்கர் சாதாராவில் படித்தபோது வீட்டிலிருந்து சாக்குத் துணி கொண்டு சென்று தனியே அமர்ந்தார். பியூன் இல்லாத நாளில் அவருக்குக் குடிநீர் இல்லை. பின்னர் பம்பாயில் சமஸ்கிருதம் பயில விடாததால் பாரசீகம் பயின்றார். அவருடைய தந்தையார் ராம்ஜி, இராணுவப் பள்ளியில் பதினான்கு ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்தவர். தம் மகனை வீட்டிலேயே கற்பிக்கும் தகுதி அக்காலத்தில் அவரைவிட யாருக்கு இருந்தது? ஆயினும் அவர் மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தவில்லை. பரேலில் ஒற்றை அறைக் குடியிருப்பில், மகனை முன்னிரவில் உறங்கவிட்டுத் தாம் விழித்திருந்து, இரண்டு மணிக்கு எழுப்பிப் படிக்க வைத்த பின்பே உறங்கினார் என்று வரலாறு கூறுகிறது. வீட்டிலும் கற்பித்தார், பள்ளிக்கும் அனுப்பினார். 1907-இல் அண்ணல் மெட்ரிகுலேசன் தேறினார்.

அவர் ஏன் நிறுத்தவில்லை? பொதுப் பள்ளியும் பொதுக் குளம் போன்றதே என்பது என் கருத்து. 1924-இல் இரட்டைமலை சீனிவாசனார் சென்னைச் சட்டமன்றத்தில் பொது வழியும் பொதுக் கிணறும் அனைவர்க்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1927-இல் அண்ணல் மகாடு குளத்தில் இறங்கி நீரருந்தியது தாகத்தால் அன்று. அது தமக்கும் உரியது என்று நிலைநாட்டவே. பொதுக் கிணற்றில் ஒருவன் குப்பையைக் கொட்டினால், கொட்டியவனைத் தடுக்க வேண்டுமேயன்றி, நாம் வீட்டுக்குள் குழி தோண்டிக்கொண்டு கிணற்றை அவனுக்கே விட்டுவிடுவதா?

"என் மகளைப் போர்க்களத்துக்கு அனுப்பச் சொல்கிறீர்களா?" என்று அந்தத் தந்தை கேட்கக்கூடும். இல்லை, தம்பி. போராட வேண்டியவர்கள் குழந்தைகள் அல்லர், நாம். குழந்தையை மனத்தால் துன்புறுத்துவதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடம் உண்டு. 14417, 1098 என்னும் எண்களில் உதவி கேட்கலாம். இத்தனைக்கும் பிறகு ஒரு பள்ளி திருந்தாவிடில் வேறு பள்ளிக்கு மாற்றுங்கள், அதில் இழுக்கில்லை. கடும் உடற்குறையால் வெளியே வர இயலாத பிள்ளைக்கு இல்லத்திற்கே ஆசிரியர் வரும் ஏற்பாடும் அரசிடம் உண்டு, அது வேறு.

இன்னொன்றும் கூறவேண்டும். உங்கள் வீட்டில் வீட்டுக் கல்வி வெற்றி பெறவும் கூடும். ஆனால் மனு எழுதத் தெரிந்த நீங்கள் உங்கள் மகளோடு விலகிவிட்டால், அதே வகுப்பில் அமர்ந்திருக்கும், மனு எழுதத் தெரியாதவரின் மகளுக்காக யார் பேசுவார்? படித்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினால், அரசுப் பள்ளி கேட்பாரற்ற இடமாகிவிடும். அரசுப் பள்ளியில் படித்தோர்க்கு 2020 முதல் மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு இடம் உண்டு; உயர்கல்வி பயிலும் மாணவியர்க்கு 2022-லும் மாணவர்க்கு 2024-லும் மாதம் 1,000 ரூபாய் உதவி தொடங்கப்பட்டது. இவை போராடிப் பெற்ற பொதுச் சொத்தின் பயன்கள். இவற்றையும் நினைவிற் கொள்ளுங்கள்.

அப்படியாயின் வீட்டின் கடமை என்ன? மாலையில் ஒரு மணி நேரம் தையலும் தொலைக்காட்சியும் நிற்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் அருகில் அமர்ந்து, "இன்று என்ன படித்தாய்? யாரேனும் ஏதேனும் சொன்னார்களா?" என்று கேட்கலாம். மாதம் ஒருமுறை பெற்றோர் பள்ளிக்குச் செல்லுங்கள். நம் சங்கத்து இளைஞர்கள் தெருவுக்கு இருவராகப் பொறுப்பேற்று, மூன்று நாள் பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்கு நான்காம் நாள் செல்ல வேண்டும். நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்யுங்கள்.

அந்த இளைஞரோடு நானும் அப்பள்ளிக்குச் சென்றேன். தலைமையாசிரியர் முதலில் தயங்கினார். மனுவைக் கண்ட பின் அமர்ந்து பேசினார். சிரித்த ஆசிரியர் சிறுமியிடம் வருத்தம் தெரிவித்தார். அதனால் எல்லாம் தீர்ந்துவிட்டதென்று கூறமாட்டேன். சில காலைகளில் வயிற்று வலி என்று அவள் இன்னும் படுத்துக்கொள்கிறாள். அப்பொழுதெல்லாம் அவளுடைய தாயார் வகுப்பு வாசல் வரை உடன் செல்கிறார். பக்கத்தில் அமரும் தோழி ஒருத்தி இப்போது கிடைத்திருக்கிறாள். முடிவு அக்குடும்பத்தினுடையது, அவர்கள் பள்ளியைத் தேர்ந்திருக்கிறார்கள்.

என் தந்தையார் மூன்றாம் வகுப்பில் விட்ட இடத்திலிருந்து நான் தொடங்கினேன். நம் பிள்ளைகள் யாரும் விட்ட இடத்திலிருந்து தொடங்க நேரக் கூடாது. அதற்கு இச்சங்கம் இன்னும் பல்லாண்டு பணியாற்ற வேண்டும் என்று வாழ்த்தி அமைகிறேன்.