மூல நோயும் மூலிகையும்



வாய்விட்டுச் சொல்லக் கூசும் நோய்களுள் மூலம் ஒன்று. ஊரில் இருந்தவரை வீட்டுப் பெரியவர்கள் குறிப்பறிந்து துத்திக் கீரையைச் சமைத்துத் தருவார்கள்; பேச்சு அதிகம் வேண்டியதில்லை. ஹைதராபாத்தில் குடியேறிய நாம் அக்கீரையை எப்பெயரால் கேட்டு வாங்குவது?

துத்தியைத் தெலுங்கில் 'துத்துருபெண்ட' என்பர். இந்தியில் 'கங்கி', அதாவது சீப்பு என்பர். அதன் காயைக் கண்டவர்க்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும். கடுக்காய் இங்கே 'கரக்காய', சேனைக்கிழங்கு 'கந்த'. சேனைக்கு வடமொழியில் 'சூரணம்' என்றும், மூலத்தை அழிப்பது என்னும் பொருளில் 'அர்சோக்னம்' என்றும் பெயர்கள் உண்டு. நம்மவரோ சூரணம் என்றால் இடித்த பொடி என்றே கொள்வர். வடமொழியில் இவை இரு வேறு சொற்கள், தமிழெழுத்தில் ஒன்றாகிவிட்டன. மருந்துக் குறிப்பைப் படிப்போர் கிழங்கு எது, பொடி எது என்று தெளிந்துகொள்ளுதல் நலம்.

ஆசனவாயிலுள்ள இரத்தக் குழாய்த் திரள்கள் வீங்கித் தளர்வதே மூலம். மலச்சிக்கலும் முக்குதலும் அதனை வளர்க்கின்றன. கடுக்காய் மலத்தை இளக்கும். ஆயினும் கருவுற்ற பெண்கள் மருத்துவரைக் கேளாமல் அதனை உண்ணலாகாது. கீரையும் கிழங்கும் நார்ச்சத்து அளிக்கின்றன. சேனையில் ஊசி போன்ற நுண்படிகங்கள் இருப்பதால் நாவு அரிக்கும். ஆகவே புளி சேர்த்து நன்றாக வேகவைக்க வேண்டும். மூல நோயாளருக்கு மோர் சிறந்தது என்று சரக சம்ஹிதை போற்றுகிறது.

யுனானி மருத்துவம் தழைத்த இந்நகரில் இசப்கோலும் எளிதில் கிடைக்கும். பாரசீக மொழியில் 'குதிரைச் செவி' என்பது அதன் பொருள். விதையின் வடிவம் அப்படி. அதன் உமி நீரை ஏற்று உப்பி, மலத்தை மிருதுவாக்குகிறது. நார்ச்சத்து மூலத்தின் இரத்தக் கசிவைக் குறைக்கும் என்பதை இக்கால ஆய்வுகளும் காட்டியுள்ளன. நிறைய நீருடன் அருந்தாவிடில் தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடும்.

இவ்வளவு சொன்ன பின்னர் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எல்லா மூலமும் மூலிகைக்கு அடங்கும் என்று முன்னோர் கூறவில்லை. மருந்து, க்ஷாரம் என்னும் கார மருந்து, நெருப்பு, அறுவை என நால்வகைச் சிகிச்சையைச் சுசுருதர் வகுத்தார். நோயின் நிலையறிந்தே ஒன்றைத் தேர்ந்தனர். அவ்வாறிருக்க, நாம் பாராமலும் காட்டாமலும் பொடி தின்று காலம் கழிப்பது தகுமா? மலத்துடன் இரத்தம் போவதெல்லாம் மூலம் ஆகாது; பெருங்குடற் புற்றுநோயும் அவ்வாறே வெளிப்படலாம். இரத்தம் கண்டால், சிறப்பாக நாற்பது கடந்தவர்கள், முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மலம் கறுத்தல், உடல் மெலிதல், சோகை ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

எர்ரகட்டாவில் அரசு ஆயுர்வேத மருத்துவமனையும், சார்மினார் அருகில் நிஜாமியா யுனானி மருத்துவமனையும், முஷீராபாத்தில் காந்தி மருத்துவமனையும் உள்ளன. மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். மூலத்தைத் தெலுங்கில் 'மொலலு' என்பர். உருதுவில் 'பவாசீர்' என்பர். இவற்றுள் ஒரு சொல்லைக் கூச்சமின்றிச் சொன்னால் போதும். மற்றவற்றை மருத்துவரே கேட்டறிந்துகொள்வார்.