ஒரு மூதாதையின் இரு முகங்கள்



அமெரிக்க எழுத்தாளர் நதானியல் ஹோதோர்னின் பெயர் உங்களிற் பலருக்குப் புதியதல்ல. 1850ஆம் ஆண்டு வெளிவந்த 'த ஸ்கார்லெட் லெட்டர்' நாவலின் ஆசிரியர் அவர். இன்று நான் பேச வந்தது அவருக்கு ஐந்து தலைமுறை முந்திய மூதாதை ஒருவரைப் பற்றி. அவர் பெயர் வில்லியம் ஹேதோர்ன். குடும்பப் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொண்டவர் நதானியல்தான்.

வில்லியம் இங்கிலாந்திலே பிறந்தவர். பியூரித்தன் சமயத்தவர். 1630களிலே கடல் கடந்து மசச்சூசெட்ஸ் குடியேற்றத்துக்கு வந்தார். முதலில் டொர்செஸ்டர் என்ற ஊரில் இருந்தார். 1636இல் சேலம் என்ற துறைமுக ஊருக்குப் பெயர்ந்தார். பெயரைக் கேட்டுத் தமிழ்நாட்டுச் சேலத்தை நினைத்துவிட வேண்டாம்.

1634 முதல் அங்குள்ள ஊர்கள் தங்கள் பிரதிநிதிகளைத் தெரிவுசெய்து பொஸ்டனில் கூடும் பொதுமன்றத்துக்கு அனுப்பிவந்தன. வாக்களிக்கும் உரிமை திருச்சபை உறுப்பினரான ஆண்களுக்கு மட்டுமே. அம்மன்றத்தில் நீதவான்களும் ஊர்ப் பிரதிநிதிகளும் ஒன்றாகவே அமர்ந்தார்கள். அதைப் பிரித்து வைத்தது ஒரு பன்றி என்றால் சிரிப்பீர்கள். தன் பன்றியைச் செல்வந்த வணிகர் ஒருவர் எடுத்துவிட்டார் என்று ஒரு பெண் வழக்காடினாள். பிரதிநிதிகளிற் பெரும்பாலோர் அவள் பக்கம். நீதவான்களிற் பெரும்பாலோர் வணிகர் பக்கம். யார் சொல் செல்லும் என்ற பிணக்கு முற்றி, 1644இல் மன்றம் இரு சபைகளாகப் பிரிந்தது. பிரதிநிதிகள் சபையின் முதற் சபாநாயகர் நமது வில்லியம் ஹேதோர்ன்.

1666இல் இரண்டாம் சார்ள்ஸ் மன்னர், ஹேதோர்னின் பெயரையே குறிப்பிட்டு, இங்கிலாந்துக்கு வந்து பதில் சொல்லும்படி கட்டளையிட்டார். பொதுமன்றம் அவரை அனுப்பவில்லை. அரச கடற்படைக்குப் பாய்மரத் தண்டுகளை அன்பளிப்பாக அனுப்பியதோடு சரி. சாதாரண ஊர்களின் குரலுக்காக நின்ற மனிதர், மன்னருக்கும் அஞ்சாதவர் என்று இவரைப் போற்றத் தோன்றும். நானும் அப்படியே எண்ணியிருப்பேன், கதை அத்துடன் முடிந்திருந்தால்.

அதே பொதுமன்றம் குவேக்கர் என்ற சமயத்தவரை ஊரைவிட்டு விரட்டச் சட்டம் இயற்றியது. 1659 முதல் 1661 வரை பொஸ்டனில் குவேக்கர் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். மேரி டயர் என்ற பெண்மணியும் அவர்களில் ஒருவர். 1661இல் வந்த இன்னொரு சட்டம் குவேக்கரை வண்டியின் பின்னே கட்டி, ஊர் ஊராகச் சாட்டையால் அடித்து எல்லை கடத்தும்படி விதித்தது. ஆன் கோல்மன் என்ற பெண் இவ்வாறு அடிபட்டது ஹேதோர்ன் பிறப்பித்த ஆணையின் பேரில் என்று அவரது வழித்தோன்றலே 'மெயின் ஸ்ட்ரீட்' என்ற சித்திரத்தில் எழுதியிருக்கிறார். சமயத்துக்காகத் தாய்நாட்டை விட்டு வந்தவர்கள், அந்தச் சுதந்திரத்தைத் தமக்கு மட்டும் உரியதாக வைத்துக்கொண்டார்கள்.

வில்லியம் 1681இல் மறைந்தார். அவர் மகன் ஜோன், 1692இல் சேலத்துச் சூனிய வழக்குகளில் குற்றஞ்சாட்டப்பட்டோரை விசாரித்த நீதவான். அவ்வழக்குகளில் பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர்.

இந்த வம்சத்தில் 1804இல், அதே சேலத்தில் பிறந்தவர் நதானியல். 1846 முதல் 1849 வரை அவ்வூர்ச் சுங்கச் சாலையில் அலுவலராக இருந்தார். பதவி பறிபோன பின்னர் எழுதிய நாவலுக்கு, அந்தச் சுங்கச் சாலையையே பொருளாக்கி நீண்ட முன்னுரை ஒன்று சேர்த்தார். அதிலே தம் மூதாதையரை நேருக்கு நேர் நிறுத்துகிறார். வில்லியத்தின் வீரத்தையும் ஆளுமையையும் மறைக்கவில்லை, கொடுமையையும் மறைக்கவில்லை. அவர்களுக்காகத் தாமே வெட்கத்தை ஏற்றுக்கொள்வதாகச் சொல்கிறார். அவர்களின் குணத்திற் சில இழைகள் தம்முள்ளும் ஓடுவதாக ஒப்புக்கொள்கிறார். அந்த இறுதி வார்த்தையே என்னை ஆழமாகத் தொட்டது. முன்னோரைப் பழிப்பது எளிது. அவர்கள் நமக்குள் இருக்கிறார்கள் என்று சொல்வது அவ்வளவு எளிதன்று.

நாமும் முன்னோரைப் பற்றி எழுதுகிறோம். அந்தியேட்டிக்கு அச்சிடும் கல்வெட்டுகளிலே, அன்னார் கோயில் திருப்பணி செய்தார், பள்ளிக்கூடம் கட்டினார் என்று பெருமையோடு பதிகிறோம். பெரும்பாலும் அவை உண்மைதாம். ஆனால் அதே கோயில் வாசலில் அவர் யார் யாரை வெளியே நிறுத்தினார் என்பதை எந்தக் கல்வெட்டிலும் நான் கண்டதில்லை. அந்த மறுபக்கத்தையும் எழுத வேண்டியவர்கள் பேரப்பிள்ளைகளே. வெளியே நின்றவர்களின் பிள்ளைகளும் நம் எழுத்தை வாசிக்கிறார்கள், நேயர்களே.