குறுமரத்தின் அடியில் ஒரு பசும்பாய்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மொழியைப் பற்றியும் கலையைப் பற்றியும் அறிஞர் பெருமக்கள் பேசிய இம்மேடையில், சட்டியில் வளரும் குறுமரத்தையும் அதன் மண்மேல் படரும் பாசியையும் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். பாசியைச் சுரண்டி எறிவார்களேயன்றி வளர்ப்பார்களா என்று நீங்கள் நகைக்கலாம். மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் நம்மில் பலருக்கு வாய்த்த தோட்டம் சன்னற் கம்பிக்குள் அடங்குவது. அங்கு ஒரு மரத்தை வளர்ப்பவர் பாசியின் இயல்பை அறிந்தே ஆக வேண்டும். அறியாமையால் ஒரு மரத்தை இழந்தவன் நான்.

தமிழில் குளத்து நீரில் படர்வதும் பாசி. சுவரில் படர்வதும் பாசி. குறுந்தொகையில் பரணர் தலைவியின் பசலைக்கு உவமை கூறியது ஊருணிப் பாசியை. நமக்கு வேண்டுவது சுவர்ப் பாசி. உருப்பெருக்கியால் நோக்கினால் அதன் தண்டும் இலையும் தெரியும். உண்மையான வேர் அதற்கு இல்லை. மெல்லிய நார்களால் மண்ணைப் பற்றிக்கொண்டு, இலைகளின் வழியாகவே பெரும்பாலும் நீரைப் பருகும். பூவும் விதையும் இல்லை. நுண்ணிய வித்துத் தூளால் பரவும். மண்மேல் வழுவழுப்பாகப் படிவது வேறு. நீர் தேங்குகின்றது என்பதற்கு அது அறிகுறி. அதை அகற்றிவிட வேண்டும்.

சப்பானியர் பாசியைப் போற்றுபவர். கியோட்டோ நகரின் சைஹோஜி என்னும் பௌத்தக் கோயில் தோட்டத்தில் ஏறத்தாழ 120 வகைப் பாசிகள் உள்ளன. பேணப் பொருளின்றித் தோட்டம் விடப்பட்ட காலத்தில் அவை தாமே படர்ந்தன என்பர். மும்பையிலோ சூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகின்றது. பாசிக்காக நாம் எங்கும் செல்ல வேண்டுவதில்லை. மாடிக் கைப்பிடிச் சுவரே போதும்.

மழை ஓயும் நாள்களில் தட்டைக் கரண்டியால் அதை மெல்லப் பெயர்த்தெடுங்கள். மரம் வெயிலில் நிற்குமாயின் வெயிலில் வளர்ந்த பாசியையே எடுங்கள். நிழலில் உலர்த்தி, கையால் நொறுக்கி, சலித்து, ஈரமண்மேல் மெல்லியதாகத் தூவி, நாள்தோறும் பனித்துளிபோல் நீர் தெளியுங்கள். சில வாரங்களில் பசுமை அரும்பும். மழையிலும் நீரூற்றும்போதும் மண் கரையாமல் அது காக்கும். ஈரம் விரைந்து உலராமல் தடுக்கும். சிறு மரத்துக்கு முதுமையின் அழகைத் தரும். கோடையில் அது பழுப்பாகிவிட்டால் இறந்ததென்று எறியாதீர்கள்; நீர் பட்டால் பெரும்பாலும் மீண்டும் தளிர்க்கும். கடுமையான உரம் அதற்கு ஆகாது. காக்கை கொத்திப் பெயர்க்குமாயின் வலை கட்டுங்கள்.

ஆயினும் பாசிக்கு எல்லை வகுக்க வேண்டும். அடிமரத்தில் ஏற விட்டால் பட்டை எப்போதும் ஈரமாகவே இருந்து கெடும். பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்துவிடுங்கள். மரத்தைச் சுற்றி விரற்கடை அளவு வெற்று மண் இருக்கட்டும்.

இனி என் கதை. ஊரிலிருந்து கொணர்ந்த புளியங்கொட்டை ஒன்றை, தாராவிக் கும்பார்வாடாவில் வாங்கிய அகன்ற மண்சட்டியில் நட்டேன். பன்னிரண்டு ஆண்டுகளில் அது முழ உயரக் குறுமரமாயிற்று. அவ்வாண்டு மழையில் சட்டி முழுவதும் பாசி பட்டுப்போல் மூடிற்று. வந்தவர் எல்லாம் வியந்தனர், நானும் மகிழ்ந்தேன். செப்டம்பரில் இலைகள் பழுத்து உதிர்ந்தன. நீர் போதவில்லை என்றெண்ணி மேலும் ஊற்றினேன். இறுதியில் மரத்தைப் பெயர்த்துப் பார்த்தபோது, சட்டியின் வடிதுளைகள் மண்ணால் அடைபட்டிருந்தன. வேர்கள் கறுத்து அழுகியிருந்தன. மரத்தைக் கொன்றது பாசி அன்று, தேங்கிய நீர். ஆனால் அந்த நீரை என் கண்ணுக்கு மறைத்தது பாசி. அக்கொட்டையைத் தந்த ஊர் மரமும் இன்று இல்லை.

இப்போது என் சன்னலில், மதிற்சுவர் வெடிப்பில் முளைத்த ஆலங்கன்று ஒன்று வளர்கின்றது. மழைக்கு முன் வடிதுளையில் குச்சி விட்டுப் பார்க்கின்றேன். வாரம் ஒருமுறை பாசியின் ஓரத்தைத் தூக்கி, விரலை மண்ணில் விட்டு ஈரம் அறிகின்றேன். மழைக்காலத்தில் பாதிப் பாசியை எடுத்துவிடுகின்றேன்.

அன்பர்களே! இன்றைய விழாவின் தோரணமும் பாட்டும் கண்ணுக்கு இனிய பசுமை. நம் பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழே வேர். ஆண்டுக்கு ஒரு நாள் மேற்பரப்பைப் பார்த்து மகிழ்வதோடு நில்லாமல், வாரம் ஒருமுறையேனும் ஓரத்தைத் தூக்கி வேரையும் பார்ப்போமாக.