பத்து வெள்ளிக்கு நான்கு காசு



தோட்டப்புறத்தில் வளர்ந்த நமக்குக் காலி நிலம் என்றால் என்னவென்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. லயத்துக்குப் பின்னால் ஒரு சதுப்பு, பள்ளிக்கூடத்துக்கு அப்பால் ஒரு புதர்க்காடு, ஆற்றோரத்தில் கன்று நடாமல் விட்ட ஒரு துண்டு. அங்கேதான் மாடு மேய்த்தோம், விறகு பொறுக்கினோம், கீரை பறித்தோம். அந்த நிலம் யாருடையது என்று நாம் கேட்டதில்லை. யாரும் கேட்காத நிலம் ஒரு நாள் காணாமல் போய்விடும் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

நாம் பணியாற்றிய ஒரு பள்ளிக்குப் பின்புறம் அப்படி ஒரு சதுப்பு இருந்தது. மழைக்காலத்தில் தவளைச் சத்தம் காதைப் பிளக்கும். கொக்குகள் கூட்டமாக வந்து இறங்கும். மாணவர்களை வரிசையாக அழைத்துப் போய், மீன்கொத்தியையும் தும்பியையும் காட்டிப் பாடம் நடத்துவோம். ஒரு பள்ளி விடுமுறையில் லாரிகள் வந்தன. விடுமுறை முடிந்து நாம் திரும்பியபோது அங்கே செம்மண் மேடுதான் இருந்தது. "கொக்கெல்லாம் எங்க சார் போச்சு?" என்று ஒரு மாணவி கேட்டாள். "வேறு இடம் பார்த்துப் போயிருக்கும்மா" என்று சொல்லிவிட்டோம்.

அது சரியான பதில் அன்று. வேறு இடம் என்று ஒன்று இருந்தால்தானே போகும்? அந்தப் பதிலைத் திருத்திச் சொல்வதற்காகவே இன்று உங்கள் முன் பேச வந்திருக்கிறோம். அதற்கு முதலில் ஓர் ஊரின் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரின் அடிவாரத்தில், போல்டர் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊருக்கு மேற்கே சாய்த்து நிறுத்திய பலகைகளைப் போலப் பாறைகள் எழுந்து நிற்கும். கிழக்கே புல்வெளி. அந்த ஊரார் 1898 ஆம் ஆண்டிலேயே வாக்களித்து, கடன் பத்திரம் வெளியிட்டு, மலையடிவாரத்தில் 80 ஏக்கர் நிலத்தைப் பொதுவுக்கென வாங்கினார்கள்.

பிறகு ஊர் வேகமாகப் பெருகியது. 1960 இல் ஏறக்குறைய 38,000 பேர். 1970 இல் ஏறக்குறைய 67,000 பேர். வீடுகள் மலைமேல் ஏறத் தொடங்கின. அப்போது இரண்டு பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஊராரைத் திரட்டினார்கள். ஒருவர் கணித ஆசிரியர் ராபர்ட் மெக்கெல்வி. மற்றவர் பௌதிக ஆசிரியர் ஆல்பர்ட் பார்ட்லெட். "5,750 அடி உயரத்துக்கு மேல் நகராண்மைக் கழகம் குழாய்த் தண்ணீர் கொடுக்கக் கூடாது" என்ற விதியை 1959 இல் ஊரார் வாக்களித்து நிறைவேற்றினார்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் யார் வீடு கட்டுவார்?

ஆயினும் விதி மட்டும் போதவில்லை. மலைச்சரிவில் ஒரு பெரிய ஓட்டல் கட்டத் திட்டம் வந்தது. 1962 இல் ஊரார் மீண்டும் வாக்களித்து, 1,05,000 அமெரிக்க வெள்ளி திரட்டி, அந்த நிலத்தையே வாங்கிவிட்டார்கள். அப்போதுதான் அவர்களுக்கு ஓர் உண்மை விளங்கியது. ஆபத்து வரும்போதெல்லாம் அவசரமாகப் பணம் தேடினால் ஒரு நாள் தோற்றுப் போவோம்; மாதந்தோறும் சீட்டுக் கட்டுவதுபோல் நிலத்துக்கென்று ஒரு வருமானம் வேண்டும்.

1967 இல் அதையும் செய்தார்கள். கடையில் வாங்கும் பொருளுக்கு விற்பனை வரி விதித்து, பொருளின் விலையில் நூற்றுக்கு 0.4 பங்கைத் திறந்த வெளி நிலம் வாங்குவதற்கென்றே ஒதுக்கும்படி வாக்களித்தார்கள். பத்து வெள்ளிச் சாமானுக்கு நான்கு காசு, கணக்கு அவ்வளவுதான். நிலம் வாங்குவதற்காகத் தங்கள்மேல் தாங்களே வரி விதித்துக்கொண்ட முதல் அமெரிக்க நகரம் அதுவே. அந்தக் காசு சேர்ந்து சேர்ந்து இன்று அந்நகரம் 45,000 ஏக்கருக்கு மேல் பாதுகாத்து வருகிறது.

எல்லா நிலத்தையும் வாங்கி வேலி போட்டுவிட்டார்களா? இல்லை. சில நிலங்களை முழு விலை கொடுத்து வாங்கினார்கள். சில நிலங்களில் விவசாயியே உரிமையாளராக இருந்தார். அங்கே கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் நகரம் விலைக்கு வாங்கிக்கொண்டது. இன்னும் சில நிலங்களை வாங்கி, மாடு மேய்க்கவும் புல் அறுக்கவும் விவசாயிகளுக்கே குத்தகைக்கு விட்டார்கள். நிலமும் பிழைத்தது, உழைப்பவன் பிழைப்பும் கெடவில்லை.

நேயர்களே, இங்கே 'வாழிடம்' என்ற சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓர் உயிர் உறங்கும் இடம் மட்டும் வாழிடம் ஆகாது. அது இரை தேடும் இடம், குஞ்சு பொரிக்கும் இடம், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழி, எல்லாம் சேர்ந்ததே வாழிடம். போல்டரின் பாறைகளில் கழுகும் வல்லூறும் கூடு கட்டுகின்றன. ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் தேதியிலிருந்து ஜூலை இறுதிவரை அந்தப் பாறைகளுக்கு மனிதர் போகத் தடை. பாறையைப் பாதுகாத்துவிட்டு, கீழேயுள்ள புல்வெளியை வீட்டுமனையாக்கினால் கழுகு எதைத் தின்னும்? ஆகவே புல்வெளியையும் சேர்த்தே வாங்கினார்கள்.

இதை நம் நாட்டிலேயே கண்ணால் பார்க்கலாம். கோலசிலாங்கூருக்கு அருகே கம்போங் குவாந்தானில், சிலாங்கூர் ஆற்றங்கரையிலுள்ள பெரெம்பாங் மரங்களில் ஆயிரமாயிரம் மின்மினிகள் ஒன்றுபோல் விட்டுவிட்டு ஒளிரும். படகிலிருந்து பார்க்கும் நாம் அந்த மரம்தான் மின்மினியின் வீடு என்று நினைக்கிறோம். ஆனால் அதன் புழுப்பருவம் கழிவது மரத்தில் அன்று. கரைக்கு உள்ளே தள்ளியுள்ள ஈர மண்ணில், சிறு நத்தைகளைத் தின்று அது வளர்கிறது. மரத்தை விட்டுவைத்து, கரைமண்ணை வெட்டிச் செம்பனை நட்டால் மின்மினி இல்லை. 2009 இல் சிலாங்கூர் மாநில அரசாங்கம் அந்த ஆற்றங்கரையைப் பாதுகாப்புப் பகுதியாக அரசிதழில் அறிவித்தது. அதற்கு முன்பே, 1987 இல், கோலசிலாங்கூர்க் கடலோரக் கண்டற்காடு இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது.

இனி ஒரு கசப்பான செய்தியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். போல்டரில் வீட்டு விலை மிகவும் உயர்ந்துவிட்டது. சுற்றிலும் நிலம் பூட்டப்பட்டதும், ஊரின் அழகை நாடிப் பணக்காரர்கள் வந்ததும் அதற்குக் காரணங்கள். அந்த ஊரில் உழைப்பவர்களில் பலர் இன்று வெளியூரில் குடியிருந்து வந்து போகிறார்கள். பறவைக்கு இடம் கிடைத்தது, கூலிக்காரனுக்குக் கிடைக்கவில்லை. தோட்டம் விற்கப்பட்டபோது தட்டுமுட்டுச் சாமான்களோடு வெளியேறிய குடும்பங்களுக்கு இதன் வலி தெரியும். பறவைக்கு இடமா, மனிதனுக்கு வீடா என்று ஒன்றை ஒன்றோடு மோதவிடுவது நியாயமன்று. இரண்டுக்கும் முன்கூட்டியே இடம் குறித்து வைப்பதுதான் நல்ல நிருவாகம்.

சரி, நம் நாட்டில் யார் குறிப்பது? நிலம் மாநில அரசாங்கத்தின் அதிகாரத்தில் உள்ளது. 1965 ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி, மாநில அரசாங்கம் தன் நிலத்தைப் பொதுப் பயனுக்கென அரசிதழில் ஒதுக்கி வைக்கலாம். தனியார் நிலமானால், 1960 ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி இழப்பீடு கொடுத்து எடுக்கலாம். ஆனால் ஒதுக்கிய நிலத்தைத் தேசிய நிலச் சட்டத்தின்படியே விடுவிக்கவும் முடியும். அதற்கு முன் அறிவிப்புக் கொடுத்து விசாரணை நடத்த வேண்டும். அந்த விசாரணைக்கு ஒருவரும் வராவிட்டால் நிலத்துக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

மற்றொரு வாசலும் உண்டு. 1976 ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, ஒரு வட்டாரத்தின் திட்ட நகலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். எந்த நிலத்தில் வீடு, எதில் தொழிற்சாலை, எது திறந்த வெளி என்று அதில் வண்ணமிட்டுக் காட்டியிருப்பார்கள். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். ஆட்சேபத்தைக் குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் கொடுக்கலாம். நிலப்பட்டா இல்லாதவருக்கும் அந்த உரிமை உண்டு.

தாய்மார்களே, பெரியோர்களே! "நாம் படிக்காதவர்கள், நம் பேச்சை யார் கேட்பார்கள்" என்று ஒதுங்க வேண்டாம். சதுப்பில் எந்த மாதம் கொக்கு வரும், எந்த ஓடையில் நீர்நாய் தென்படும், எந்த மரத்தில் ஆந்தை தங்கும் என்பது உங்களுக்குத் தெரிந்த அளவு அலுவலகத்தில் வரைபடம் போடுபவருக்குத் தெரியாது. நீங்கள் சொல்லுங்கள், பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கோயில் குழுவும் சேர்ந்து, அந்தக் குறிப்பை மலாய் மொழியில் ஒரு மனுவாக்கி ஊராட்சி மன்றத்தில் கொடுக்கட்டும். மேசையில் தாள் இருந்தால் அதற்கு ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்.

நம் ஊராட்சி மன்றங்கள் விற்பனை வரி போட முடியாது. ஆகவே போல்டர் செய்ததை அப்படியே நாம் செய்ய இயலாது. ஆனால் அந்த ஊரார் காசுக்கு முன்னால் வேறொன்றைச் செய்தார்கள்: நிலம் இன்னும் நிலமாக இருக்கும்போதே அதைப்பற்றிப் பேசினார்கள். அதற்குக் காசு தேவையில்லை.

நம் சதுப்பின் மீது இன்று வரிசையாக வீடுகள் நிற்கின்றன. அதைப்பற்றி ஒரு வரிகூட எவருக்கும் எழுதாமல் இருந்தவர்களில் நாமும் ஒருவர். அந்த மாணவி இப்போது எங்கே இருக்கிறாளோ தெரியாது. வானொலியில் இதைக் கேட்டால், நாம் அன்று சொன்ன பதில் தவறு என்று அவள் தெரிந்துகொள்ளட்டும். கொக்குக்கு வேறு இடம் தானாகக் கிடைக்காதம்மா. அதை நாம்தான் கேட்டு வாங்கி வைக்க வேண்டும்.