ஒரே வாசல், ஒரே மருந்து
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மேடையில், குழந்தை மருத்துவ ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் பணியைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டுள்ளோம். அமெரிக்க நாட்டின் டென்னசி மாநிலத்தில், மெம்பிஸ் நகரில் உள்ள செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனையே அது. கடல் கடந்த ஊரின் மருத்துவமனைக்கும் நம் சேரியில் பிறந்த பிள்ளைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. பிறப்பினால் ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கும் ஒதுக்கப்படாத பிள்ளைக்கும் ஒரே வாசல் வைத்து, ஒரே மருந்தைக் கொடுத்தால் என்ன நிகழும் என்பதை அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கெழுதிக் காட்டிய இடம் அது. அந்தக் கணக்கை நாம் படித்தறிதல் வேண்டும்.

மெம்பிஸ், மிசிசிப்பி ஆற்றங்கரையில் பருத்தி வாணிகத்தால் செழித்த நகரம். பருத்தி பறித்த கறுப்பின மக்களுக்கோ அந்நகரில் தனிப் பள்ளி, தனி உணவகம், தனித் தண்ணீர்க் குழாய், மருத்துவமனையிலும் தனிப் பகுதி. இரட்டைக் குவளையைக் கண்டு வளர்ந்த நமக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. அத்தகைய நகரில் 1962-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் இம்மருத்துவமனை திறக்கப்பட்டது. எந்த இனத்துப் பிள்ளையாயினும் வரலாம். பெற்றோரிடம் கட்டணம் கேட்கப்படமாட்டாது. இங்குக் கண்டறியும் உண்மைகள் உலகத்தாருக்கு ஒளிவின்றி வழங்கப்படும் என்ற மூன்று நெறிகளின்மீது அது நின்றது.

இதனை நிறுவியவர் டேனி தாமஸ் என்னும் நகைச்சுவை நடிகர். லெபனான் நாட்டிலிருந்து பிழைக்க வந்த ஏழைப் பெற்றோரின் மகன். வாய்ப்பின்றி வாடிய இளமைக் காலத்தில், வழி பிறந்தால் ஒரு கோயில் எழுப்புவேன் என்று புனித ஜூடுக்கு நேர்ந்துகொண்டவர். புகழ் வந்தபின், சிக்காகோவின் கர்தினால் ஸ்டிரிச் போன்றோரின் அறிவுரையைக் கேட்டு, அந்த நேர்த்திக்கடனைக் குழந்தைகளின் மருத்துவமனையாகச் செலுத்தத் தீர்மானித்தார். பணத்துக்கு அவர் முதலில் நாடியது தம் சொந்த மக்களையே. லெபனான், சிரியா நாடுகளிலிருந்து குடியேறியவர்களின் வழிவந்தோரை 1957-இல் ஓர் அமைப்பாகத் திரட்டினார். தங்களை ஏற்றுக்கொண்ட நாட்டுக்குக் கைம்மாறு செய்வோம் என்று அவர்கள் ஊர்தோறும் பணம் சேர்த்தனர். இன்றும் அம்மருத்துவமனையின் செலவில் பெரும்பகுதி பொதுமக்கள் தரும் நன்கொடையினாலேயே நடைபெறுகிறது.

சிறு காசின் வலிமை நமக்கும் புதிதன்று. சித்த மருத்துவராக விளங்கிய அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் இதழ் தொடங்கியபோது அதற்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்றே பெயரிட்டார். ஒரு பைசாவை இகழ்ந்திருந்தால் நம் சிந்தனை வரலாற்றில் ஓர் ஏடு இல்லாமற் போயிருக்கும்.

அம்மருத்துவமனையின் முதற் கட்டடத்துக்கு வரைபடம் வகுத்தவர் பால் வில்லியம்ஸ் என்னும் கறுப்பினக் கட்டடக் கலைஞர். நான்கு வயதுக்குள் தாய் தந்தையரை இழந்தவர். கறுப்பருக்கு இந்தத் தொழிலில் வாழ்வில்லை என்று பள்ளி ஆசிரியரே தடுத்தும் கேளாமல் படித்தவர். 1923-இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர். தம் அருகில் அமர வெள்ளையர் கூசுவர் என்பதறிந்து, மேசைக்கு எதிர்ப்புறத்தில் இருந்தபடியே, அவர்கள் கண்ணுக்கு நேராகத் தோன்றுமாறு தலைகீழாக வரையும் திறனை அவர் பழகிக்கொண்டார். இளைஞர்களே, இச்செய்தியில் பெருமையும் உண்டு, வேதனையும் உண்டு. இரண்டையும் சேர்த்தே நினைவிற் கொள்ளுங்கள். அந்தக் கரங்கள் இம்மருத்துவமனைக்கான விண்மீன் வடிவ வரைபடத்தை ஊதியமின்றி வழங்கின.

முதல் இயக்குநராக வந்தவர் டாக்டர் டொனால்டு பிங்கெல். முப்பத்தைந்து வயதைக் கடவாத இளைஞர். இளம்பிள்ளை வாதத்தால் தாமே துன்புற்றவர். நோயாளிகளில் மட்டுமன்றி மருத்துவர், செவிலியர், பணியாளர் ஆகியோரிலும் நிறவேற்றுமை கூடாது என்பதில் அவர் உறுதியாக நின்றார். உணவுக்கூடம் ஒன்று, கழிவறையும் ஒன்று. நோயாளிக் குடும்பங்கள் தங்கும் விடுதி ஒன்று கறுப்பினக் குடும்பங்களை மற்றவரோடு சமமாக நடத்தத் தயங்கியபோது, எல்லாரையும் சமமாக ஏற்காவிடில் எங்கள் நோயாளிகளில் ஒருவரும் அங்கு வரமாட்டார் என்று மருத்துவமனை அறிவித்தது. விடுதி இணங்கியது. சட்டம் வந்து தட்டுவதற்கு முன்பே திறந்த கதவு அது; அமெரிக்காவின் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது 1964-இல்தான்.

இனி நோயைப் பற்றிக் கூறுவோம். குழந்தைகளைத் தாக்கும் இரத்தப் புற்றுநோயில் பெரும்பான்மையானது, எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளணுக்கள் பெருகி, நல்ல இரத்தம் ஊறுவதற்கு இடமில்லாமற் செய்யும் வகையாகும். பிள்ளை வெளிறிப்போகும், காய்ச்சல் விடாது, உடலில் கன்றிய தழும்புகள் தோன்றும், எலும்பு வலிக்கும். 1962-இல் இந்நோய் கண்ட பிள்ளைகளில் நூற்றுக்கு நால்வரே பிழைத்தனர். அமைதியாகச் சாக விடுங்கள் என்பதே அக்காலத்து மருத்துவர் பலரின் அறிவுரை.

மருந்துகள் இல்லாமல் இல்லை. நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் ஆய்வுக்குழு ஆக்கிய மருந்தினால், 1948-இல் பாஸ்டன் நகரின் டாக்டர் சிட்னி பார்பர் முதன்முதலாக இந்நோயைத் தற்காலிகமாகத் தணித்துக் காட்டினார். நம் ஊர்களில் சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கப்படும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வின்கிரிஸ்டின் என்னும் மருந்து எடுக்கப்பட்டது. ஆனால், ஒரு மருந்து தந்தால் சில மாதங்கள் நோய் தணியும். பின்னர் திரும்பி வரும். திரும்பிய நோய் அந்த மருந்துக்கு அடங்காது.

பிங்கெலும் அவர்தம் தோழர்களும் காரணத்தை ஆராய்ந்தனர். பிள்ளை எழுந்து விளையாடும்போதும், நுண்ணோக்கிக்கு எட்டாமல் கோடிக்கணக்கான நோயணுக்கள் உடலில் மறைந்திருக்கின்றன. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரில் அவை பதுங்கிவிட்டால், குருதி வழியே செல்லும் மருந்து அங்கே போதிய அளவு சென்று சேர்வதில்லை. ஆகவே அவர்கள் பல மருந்துகளை ஒன்றாகச் சேர்த்தனர். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் தனியே சிகிச்சை அளித்தனர். நோய் தணிந்த பின்னரும் ஏறத்தாழ மூன்றாண்டுகள் மருந்தை நிறுத்தாது தொடர்ந்தனர். 'முழுமைச் சிகிச்சை' என்று பெயரிட்டு ஒன்றன்பின் ஒன்றாக ஆய்வுகளை நடத்தினர். முதல் நான்கிலும் பெரும்பாலான பிள்ளைகள் இறந்தனர். ஒவ்வோர் இறப்பும் பதிவேட்டில் ஏறியது. எங்கே தவறினோம் என்று ஆராயப்பட்டது. 1967-68-இல் சேர்க்கப்பட்ட ஐந்தாம் ஆய்வின் பிள்ளைகள் முப்பத்தைவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் நிலையாகப் பிழைத்தனர். இந்நோயை முற்றும் குணப்படுத்தலாம் என்று உலகம் அறிந்தது அப்போதுதான். இன்று அம்மருத்துவமனையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் பிழைக்கின்றனர். மூளைக்குக் கதிர்வீச்சுக் கொடுப்பதையும் அவர்களே பின்னாளில் கைவிட்டு, 2009-இல் அந்த முடிவை வெளியிட்டனர்.

அந்த 1968-ஆம் ஆண்டை நாம் மறத்தல் ஆகாது. பிப்ரவரி முதல் நாள், மழைக்குக் குப்பை வண்டியினுள் ஒதுங்கிய துப்புரவுத் தொழிலாளர் இருவர் அதன் இயந்திரத்தில் நசுங்கி இறந்தனர். ஆயிரத்து முந்நூறு பேர் வேலைநிறுத்தம் செய்தனர். 'நான் ஒரு மனிதன்' என்ற அட்டையை ஏந்தி அவர்கள் நடந்தனர். அவர்களுக்குத் துணைநிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4-ஆம் நாள் அந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். நம் தந்தையரும் அண்ணன்மாரும் இன்றும் மலக்குழியில் மூச்சுத்திணறி மடியும் நாட்டில், அந்த அட்டையின் சொற்களுக்கு நமக்கு உரையாசிரியர் தேவையில்லை.

அக்காலத்தில் மருத்துவமனையின் ஆராய்ச்சியாளர்கள் தங்கள் சுற்றுப்புறத்தையும் உற்று நோக்கினர். டாக்டர் பால் சீ என்பவர் ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் சிறுபிள்ளைகளை ஆராய்ந்து, பசியும் இரத்தச் சோகையும் வளர்ச்சிக் குறைவும் மலிந்திருப்பதை 1970-இல் வெளியிட்டார். புற்றுநோயை ஆராய வந்த நிலையம், பசியும் ஒரு நோயே என்று கண்டது. அப்பகுதி மக்களின் அமைப்பு ஒன்றோடு சேர்ந்து, மருந்துச் சீட்டு எழுதுவதுபோல் தாய்மார்க்கும் குழந்தைகளுக்கும் உணவுக்குச் சீட்டு எழுதினர். 1972-இல் அமெரிக்க அரசு தாய் சேய் ஊட்டச்சத்துத் திட்டத்தை இயற்றியபோது, மெம்பிஸின் இம்முயற்சி அதற்கு முன்மாதிரியாயிற்று. காமராசரின் மதிய உணவினாலும் 1982-இல் விரிவடைந்த சத்துணவினாலும் வளர்ந்த நாம், இதன் அருமையை அறிவோம்.

அரிவாள் வடிவ இரத்தச் சோகை கறுப்பின மக்களைப் பெரிதும் வாட்டும் பரம்பரை நோய். வறியவர்களின் நோய் ஆதலால் ஆராய்ச்சி உலகம் நெடுங்காலம் அதனைப் புறக்கணித்தது. இம்மருத்துவமனை தொடக்கத்திலேயே அதனைத் தன் பணியாக ஏற்றது. எலும்பு மஜ்ஜை மாற்றத்தால் அந்நோய் நீங்கிய முதற் செய்தியும் 1984-இல் அங்கிருந்தே வெளிவந்தது. நம் நீலகிரி மலைப் பழங்குடியினரிடமும் இக்குறை உண்டென்று 1952-லேயே கண்டறியப்பட்டது. அம்மக்கள் நம் உடன்பிறந்தார். அவர்களின் இரத்தத்தை ஆராயும் அறிஞர்கள் அவர்களிடமிருந்தும் நம்மிடமிருந்தும் தோன்ற வேண்டாமா?

இவ்வுரையின் உயிர்நாடிக்கு வந்துள்ளோம். கறுப்பினப் பிள்ளைகள் இரத்தப் புற்றுநோயிலிருந்து பிழைப்பது குறைவு என்று அமெரிக்காவில் நெடுங்காலம் கணக்குகள் கூறின. அவர்கள் உடலின் இயல்பே அது என்று சிலர் கருதினர். செயின்ட் ஜூட் மருத்துவமனையிலும் தொடக்க ஆண்டுகளில் அந்த வேறுபாடு இருந்தது. ஆனால், வலிமைமிக்க சிகிச்சை இரு இனத்துப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் கிடைத்த பின்னர், பிழைக்கும் விழுக்காடு இருவர்க்கும் ஒன்றாயிற்று. 2003-இல் டாக்டர் சிங்-ஹான் பூயீயும் அவர் குழுவினரும் இதனைச் சான்றுகளோடு நிறுவினர். பிறவியின் குறை என்று சொல்லப்பட்டது, கிடைக்காமையின் குறையாக இருந்தது! பெருமக்களே, இந்த வாக்கியத்தை மருத்துவமனையோடு நிறுத்திவிடாதீர்கள். நம் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது, ஆங்கிலம் வராது, அறிவியல் ஏறாது என்று சொல்வோர்முன் இந்த மெம்பிஸ் கணக்கை எடுத்து வையுங்கள்.

நம் நாட்டிலும் இத்தகைய பணி நடைபெறாமல் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையம் இலாப நோக்கற்றது. 1984-இல் அந்நிலையமும் பம்பாய் டாட்டா மருத்துவமனையும் தில்லி அகில இந்திய மருத்துவ நிலையமும் அமெரிக்க அறிஞர்களோடு கூடி வகுத்த சிகிச்சைத் திட்டத்தினால், நம் பிள்ளைகளும் முன்னினும் பன்மடங்கு பிழைக்கத் தொடங்கினர். ஆயினும் குறை தீரவில்லை. செல்வ நாடுகளில் புற்றுநோய் கண்ட பிள்ளைகளில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் பிழைக்க, வறிய நாடுகள் பலவற்றில் முப்பது பேர்கூடப் பிழைப்பதில்லை. 2030-க்குள் உலகெங்கும் அறுபது பேராவது பிழைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் செயின்ட் ஜூடோடு சேர்ந்து 2018-இல் இலக்கு வகுத்தது.

இடைவெளி எங்கே உள்ளது? காய்ச்சல் விடாத பிள்ளையை மந்திரிக்கவும் நூல் கட்டவும் கொண்டுசெல்வதில் நாட்கள் கழிகின்றன. நோய் தெரிந்து மருந்து இலவசமாகக் கிடைத்தாலும், இரண்டு மூன்று ஆண்டுகள் நகரத்துக்கு அலைய அன்றாடக் கூலிக் குடும்பத்தால் இயலவில்லை. பேருந்துக் கட்டணம், தங்குமிடம், இழந்த கூலி ஆகிய மூன்றும் சேர்ந்து பிள்ளையைப் பாதி வழியில் ஊருக்குத் திருப்புகின்றன. பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான் என்று மருந்தை நிறுத்திவிடுகின்றனர். மறைந்திருந்த நோய் மீள்கிறது. செயின்ட் ஜூட் மருத்துவமனை மருந்தோடு பயணம், தங்குமிடம், உணவு ஆகியவற்றையும் ஏற்றுக்கொள்வதன் காரணம் இதுவே.

ஆகவே இவ்விழா நாளில் இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். நம் சங்கம் மாணவர் உதவி நிதியோடு ஒரு சிறு மருத்துவப் பயண நிதியையும் தொடங்கட்டும். நகரில் படிக்கும் நம் மாணவர்கள் சிகிச்சைக்கு வரும் குடும்பங்களுக்குத் துணையாக நிற்கட்டும். ஒரு குடும்பம் சிகிச்சையை முடித்து ஊர் திரும்பினாலும் அந்நிதி பயன் பெற்றதாகும்.

அடுத்தது மாணவ மாணவியர்க்கு. மருத்துவராவது ஒரு வழி. அதற்கு இடம் கிடைக்காவிடில் உலகம் முடிந்துவிடுவதில்லை. செவிலியர், மருந்தாளுநர், ஆய்வுக்கூட வல்லுநர், உயிர்வேதியியலார், புள்ளியியலார் ஆகிய எல்லாரும் சேர்ந்தே நால்வர் பிழைத்த இடத்தில் தொண்ணூறு பேரைப் பிழைக்க வைத்தனர். அண்ணல் அம்பேத்கர் நியூயார்க் சென்று கற்றது பட்டத்தைச் சுவரில் மாட்டுவதற்காக அன்று என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆராய்ச்சிக்கூடத்தில் எந்த நோயை ஆராய்வது, யாருடைய பிள்ளையை எண்ணுவது என்று தீர்மானிக்கும் மேசையில் நம்மவர் அமர வேண்டும். அந்த மேசையில், தலைகீழாக வரையும் வித்தை நம் பிள்ளைகளுக்குத் தேவைப்படக் கூடாது.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் பள்ளிக் கதவுகளைத் திறந்தது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஆராய்ச்சிக்கூடத்தின் கதவையும் நாம் திறப்போமாக.