சிறிய அடப்டரும் பெரிய கமராவும்

தேர் பெரிது, அதன் அச்சாணி சிறிது. எனினும் அச்சாணி கழன்ற தேர் நிலை சேர்வதில்லை. இவ்வுண்மை இக்காலத்து வீடியோக் கமராவுக்கும் முற்றும் பொருந்தும். இலட்சக் கணக்கான ரூபா பெறுமதியுள்ள கமராவும், ஒளிப்பதிவாளரின் நெடுநாட் பயிற்சியும், படப்பிடிப்புக்கு வேண்டிய பல நாள் ஆயத்தமும் ஈற்றில் தங்கி நிற்பது விரலளவான நினைவக அட்டை ஒன்றிலேயாகும். அவ்வட்டைக்கும் கமராவுக்கும் நடுவே அடப்டர் என்னும் இணைப்புக் கருவி புகுமாயின், அச்சாணிக்கே மற்றோர் அச்சாணி பூட்டியது போலாகும். அதனை நம்பலாமா, நம்புவதாயின் எந்த அளவுக்கு நம்பலாம் என்பன ஆராயத்தக்கவை.

வீடியோ நாடா வழங்கிய காலத்தில் இவ்வினா எழவில்லை. நாடாவில் ஓரிடம் பழுதுற்றால் அவ்விடத்துக் காட்சி சிதைந்து தோன்றும்; அதற்குப் பின்னுள்ளது பெரும்பாலும் தப்பிவிடும். நினைவக அட்டையின் இயல்பு வேறு. பதிவு இடையில் முறிந்தால், அதுவரை எழுதிய கோப்பு முழுவதுமே வாசிக்க இயலாததாகிவிடக்கூடும். மணமக்கள் மாலை மாற்றும் வேளையையும், முதியவர் ஒருவர் தம் வாழ்நாளில் ஒரேயொரு முறை மனந்திறந்து கூறும் செய்தியையும் மீண்டும் நிகழ்த்துவித்துப் பதிவுசெய்ய எவராலும் இயலாது. ஆதலின், இது வெறும் பொறிநுட்ப வினா மட்டுமன்று. இழந்தாற் பெறமுடியாத ஒன்றைக் காப்பது பற்றிய வினாவுமாகும்.

இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு சோனி நிறுவனத்தின் ஈ.எக்ஸ்.1 என்னும் கமராவாகும். 2007 ஆம் ஆண்டில் வெளிவந்த அக்கமரா, சோனியும் சான்டிஸ்க் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய எஸ்-பை-எஸ் என்னும் அட்டையிற் பதிவுசெய்தது. அவ்வட்டை மடிக்கணினிகளில் அக்காலத்து இருந்த எக்ஸ்பிறெஸ் காட் என்னும் வாயிலின் அளவிலும் வடிவிலும் அமைந்திருந்தது. உயர்தரப் பதிவில் 16 கிகாபைற்று அட்டையொன்று ஏறத்தாழ 50 நிமிடக் காட்சியைக் கொள்ளும். அட்டை சிறந்ததே; ஆனால் அதன் விலை சிறு நிலையங்களுக்கும் தனித்துத் தொழில் புரிவோருக்கும் எட்டாததாயிருந்தது. சாதாரண எஸ்.டி. அட்டையோ எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைத்தது.

ஆகவே, எஸ்.டி. அட்டையை எக்ஸ்பிறெஸ் காட் உருவிலான ஓர் அடப்டரினுட் செருகி, அதனைக் கமராவினுள் இட்டுப் பார்க்கும் வழக்கம் ஒளிப்பதிவாளரிடையே விரைவிற் பரவிற்று. சில அடப்டர்கள் செவ்வனே இயங்கின. சில இயங்கவே இல்லை. வேறு சில முதல் நாள் இயங்கி மறுநாள் கைவிட்டன. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது?

எக்ஸ்பிறெஸ் காட் வாயிலினூடே இரு பாதைகள் செல்கின்றன. ஒன்று பி.சி.ஐ. எக்ஸ்பிறெஸ் என்னும் விரைவுப் பாதை, மற்றையது யு.எஸ்.பி. என்னும் பொதுப் பாதை. எஸ்-பை-எஸ் அட்டை முதற் பாதையில் வருவது. எஸ்.டி. அடப்டர்கள் பெரும்பாலும் இரண்டாம் பாதையில் வருவன. வெளியிலிருந்து நோக்குவோர்க்கு வாயில் ஒன்றே. உள்ளே செல்லும் தெருக்கள் வேறு. அதற்கு மேலும், அடப்டரினுள் அட்டையின் மொழியை யு.எஸ்.பி. மொழியாக மாற்றித் தரும் சிறு சில்லு ஒன்று உண்டு. அச்சில்லின் தரத்தையும் கமராவின் உள்மென்பொருள் அதனை ஏற்பதையும் பொறுத்தே காரியம் நடைபெறும். உறை ஒன்றுபோலத் தோன்றும் இரு அடப்டர்கள் இருவேறு விதமாய் நடந்துகொண்டதன் காரணம் இதுவே.

அடுத்து வேகத்தைக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். ஈ.எக்ஸ்.1 கமரா உயர்தரப் பதிவிற் செக்கனுக்கு 35 மெகாபிற்று வரை எழுதும். எட்டுப் பிற்று சேர்ந்தது ஒரு பைற்று. எனவே இது செக்கனுக்கு ஏறத்தாழ 4.4 மெகாபைற்று ஆகும். 6 ஆம் வேக வகுப்பைச் சேர்ந்த எஸ்.டி. அட்டை குறைந்தது 6 மெகாபைற்று எழுதுமென உறுதி கூறுவது. ஆகவே சாதாரணப் பதிவுக்கு அது போதும். ஆனால் ஓடும் குதிரையையோ பாயும் நீரையோ மெதுவாகக் காட்ட விரும்பிச் செக்கனுக்கு 60 சட்டங்கள் எடுத்து, அவற்றை 24 சட்ட வீதத்தில் ஓடவிடும்போது, எழுத வேண்டிய அளவு இரண்டரை மடங்காகின்றது. 35 மெகாபிற்று 87.5 ஆக உயர்கின்றது. அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 11 மெகாபைற்று. 10 ஆம் வகுப்பு அட்டையின் உறுதிமொழியும் இவ்விடத்திற் போதாது. காலையில் ஒழுங்காக இயங்கிய அதே அடப்டர் மாலையில் மெதுவசைவுக் காட்சி எடுக்கையில் நின்றுபோவதன் மருமம் இக்கணக்கிலேயே அடங்கியுள்ளது.

அட்டையின் முகப்பிற் பெரிய எழுத்தில் அச்சிட்ட வேகத்தைக் கண்டு மயங்குதலும் கூடாது. அது பெரும்பாலும் வாசிக்கும் வேகம். அதுவும் உச்ச வேகம். வீடியோவுக்கு வேண்டியது இடையறாத குறைந்தபட்ச எழுதும் வேகமே. வாய்க்கால் நீர் ஓயாது தொட்டியில் விழுந்துகொண்டிருக்க, ஒருவன் அதனை இறைத்து வெளியேற்றுவதாகக் கொள்வோம். அவன் எவ்வளவு வல்லவனாயினும் இடையிற் சற்று நீண்ட நேரம் இளைப்பாறினால் தொட்டி நிரம்பி வழிந்துவிடும். நினைவகச் சில்லும் அவ்வாறே இடையிடையே இளைப்பாறுவது. ஏனெனில், பயன்பட்ட இடத்தில் மீண்டும் எழுதுமுன் ஒரு பகுதி முழுவதையும் அது அழித்தாக வேண்டும். கமராவின் தொட்டி சிறிது. காத்திருக்கும் பொறுமையும் அதற்குச் சிறிதே.

பொறிமுறைக் குறைகளும் உண்டு. ஒவ்வோர் இணைப்பும் உலோகத் தொடுகைகளாலாயது. தூசியும் வியர்வையும் கடற்காற்றும் அவற்றை மங்கச் செய்யும். எஸ்.டி. அட்டையின் பக்கத்தேயுள்ள பூட்டு நழுவித் தளர்ந்தால், எழுதுதல் தடைசெய்யப்பட்டதெனக் கமரா கருதிவிடும். சில அடப்டர்களில் அட்டையின் நுனி வெளியே நீண்டு கமராவின் கதவு மூடாமற் போயிற்று; திறந்த கதவினூடு ஒரு விரல் பட்டாலே பதிவு கெடலாம். மைக்குறோ எஸ்.டி. அட்டையை ஓர் உறையிலிட்டு, அவ்வுறையை மற்றோர் அடப்டரில் இடுவது இவ்விடர் அனைத்தையும் இரட்டிப்பதாகும். தொழில்முறைப் பணியில் அதனை அறவே விலக்குதல் நன்று.

பின்னர், 2010 ஆம் ஆண்டளவில், சோனி நிறுவனமே எஸ்.டி. அட்டைக்கான அடப்டரை வெளியிட்டது. எனினும் மெதுவசைவு போன்ற வேகமிக்க பதிவுகளுக்குத் தன் எஸ்-பை-எஸ் அட்டையையே அது வேண்டிநின்றது. ஆக, நிறுவனமே செய்த அடப்டரும் எல்லையுடையதே. எல்லையறிந்து கையாள்வோர்க்கு அது நல்ல துணை; அறியாதார்க்கு அதுவே பொறி.

அவ்வாறாயின் அடப்டரை நம்பிப் பணியாற்ற விரும்புவோர் செய்யத்தக்கன யாவை?

முதலாவதாக, கமராவை ஆக்கியோர் ஏற்றுக்கொண்ட அடப்டரையும், நம்பத்தக்க கடையில் வாங்கிய அட்டையையும் தேர்ந்து, உள்மென்பொருள் உரிய பதிப்புத்தானா எனப் பார்த்துக்கொள்ளல் வேண்டும். போலி அட்டைகள் தம் கொள்ளளவையே பொய்யாகக் காட்டுவனவாதலின், புதிய அட்டையை வெறும் கண்ணோட்டத்தால் ஏற்கலாகாது. இரண்டாவதாக, அதனைக் கணினியிலன்றிக் கமராவிலேயே வடிவமைத்து, பணியிற் பயன்படுத்த எண்ணிய அதே தரத்திலும் சட்ட வீதத்திலும், முதற் செக்கன் தொடங்கி அட்டை நிரம்பும் வரை பதிவுசெய்து, முழுவதையும் ஓடவிட்டுப் பார்த்தல் வேண்டும். ஐந்து நிமிடப் பரிசோதனை ஐந்து நிமிடத்துக்கே சான்றாகும். ஓர் அட்டை நிரம்பி மற்றைய வாயிலின் அட்டைக்குப் பதிவு தாவும் இடத்தையும் சோதித்தல் இன்றியமையாதது.

மூன்றாவதாக, அட்டையும் அடப்டரும் தேறினால் அவ்விரண்டையும் சோடியாக்கி, எண்ணிட்டு, பிரிக்காது வைத்திருத்தல் நன்று. பதிவு விளக்குச் செம்மஞ்சளாய் ஒளிரும்போது அட்டையைத் தொடுதல் ஆகாது. அவ்வேளை கமரா எழுதிக்கொண்டிருக்கின்றது. நான்காவதாக, காட்சிகளைக் கணினிக்கு மாற்றும்போது பி.பி.ஏ.வி. என்னும் கோப்புறை முழுவதையும் சிதைக்காது படியெடுத்தல் வேண்டும். படக்கோப்பை மாத்திரம் பிரித்தெடுத்தால் துணைக் குறிப்புகள் இழக்கப்படும். இரு வேறு வட்டுக்களிற் படி எடுத்து, இரண்டையும் திறந்து பார்த்த பின்னரே அட்டையை அழிக்கலாம்.

காலம் மாறிவிட்டது. ஈ.எக்ஸ்.1 இன்று பழைய கருவி. எனினும் பாடம் பழையதன்று. இரண்டாம் வரிசைத் தொடுகைகளால் விரைவு பெறும் யு.எச்.எஸ். 2 வகை மைக்குறோ அட்டையைச் சாதாரண உறையிலிட்டால், அவ்வுறையில் அவ்வரிசை இல்லாமையால், விலை கொடுத்து வாங்கிய வேகம் வீணாகின்றது. பெயரும் உருவும் மாறினும், வாயிலிற் பொருந்துவது வேறு, பணிக்குப் போதுவது வேறு என்னும் உண்மை மாறவில்லை.

சிக்கனம் குறையன்று, வசதியற்றோர் பலர் நற்படங்களை ஆக்குவதற்கு அடப்டர் வழி திறந்தது. ஆனால் அட்டையின் விலையில் மிச்சம்பிடித்தவர் அம்மிச்சத்திற் சிறு பங்கையேனும் பரிசோதனை நேரமாகச் செலுத்துதல் வேண்டும். அந்த நேரத்தையும் மிச்சம்பிடிக்க முயல்வோர், ஈற்றில், திரும்பி வாராத ஒரு கணத்தை அதற்கு விலையாகக் கொடுக்க நேரும்.