வாயில்லா ஜீவன்களின் இருதயத் துடிப்பு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நாம் மருத்துவம் கற்றவர் அல்லோம். ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதுவோம். எனினும், நம் காலனியில் பல இல்லங்களில் நாயும் பூனையும் பிள்ளைகளோடு பிள்ளைகளாய் வளர்கின்றன. நோயுற்றால் அவை வாய் திறந்து சொல்ல இயலாது. சொல்ல வேண்டியவர் நாமே. ஆதலின், அவற்றின் இருதயம் மிதமிஞ்சி விரையும் நோயைக் குறித்துச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

இருதயத்தின் வலது மேலறையில் ஒரு சிறு கணு உண்டு. அங்கிருந்து பிறக்கும் மின் ஆணைப்படியே இருதயம் துடிக்கின்றது. கட்டுப்பாட்டு அறையைக் கேளாமல் இடைநிலையங்கள் தாமே வண்டிகளை விடத் தொடங்கினால் என்னாகும்? அதுவே இந்நோய். துடிப்பு மிக விரைந்தால் அறைகளில் இரத்தம் நிரம்ப நேரமில்லை; மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைந்து பிராணி மயங்கி விழும்.

விரைவு யாவும் நோயன்று. அச்சம், காய்ச்சல், வலி, இரத்த இழப்பு ஆகியவற்றாலும் துடிப்பு விரையும். அப்போது மூல காரணத்துக்கே சிகிச்சை வேண்டும். ஓய்வில் உள்ள வளர்ந்த நாய்க்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 முதல் 140 வரை துடிப்பு இயல்பு. பூனைக்கு மருத்துவர் மேசையில் 140 முதல் 220 வரை இருக்கலாம். வீட்டில் அமைதியாய் இருக்கையில் அது குறையும். பின்தொடையின் உட்புறத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்குக. மார்பில் கேட்கும் துடிப்பைவிட நாடி குறைவாயிருந்தால் தாளம் கெட்டிருக்கலாம்.

நோயை உறுதி செய்வது ஈ.சி.ஜி. என்னும் மின் வரைபடமே. இக்கலைக்கு நாய் ஒன்றும் தொண்டு செய்துள்ளது. 1909-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அறிஞர் வாலர், தம் நாய் ஜிம்மியின் பாதங்களை உப்பு நீரில் நிறுத்தி அதன் இருதய மின்னோட்டத்தைக் காட்டினார். அது கொடுமையன்றோ என்று பாராளுமன்றத்திலேயே கேள்வி எழுந்தது! இன்று வரைபடத்தின் அலை குறுகியிருந்தால் கோளாறு பெரும்பாலும் மேலறைப் பக்கம் என்றும், அகன்றிருந்தால் கீழறையில் இருக்கலாம் என்றும் மருத்துவர் கணிப்பர். விட்டுவிட்டு வரும் நோயை அறிய, ஹோல்டர் கருவியை 24 மணி நேரம் உடலில் கட்டி வைப்பர்.

சிகிச்சை நோய்க்கு ஏற்ப மாறும். மேலறை நடுக்கத்துக்கு டில்டியாஸெம், டிஜாக்சின் ஆகியன துடிப்பைத் தணிக்கும். நாயின் கீழறை வேகம் ஆபத்தானால் லிக்னோகெயினை இரத்தக் குழாயில் ஏற்றுவர். பின்னர் சோட்டலால், மெக்ஸிலெட்டின் போன்ற மாத்திரைகள் தருவர். பூனையின் உடல் லிக்னோகெயினை எளிதில் தாங்காது. மிகுந்த எச்சரிக்கை தேவை. முதிய பூனைக்குத் தைராய்டு மிகையே காரணமாயின் அதனைச் சீர்செய்ய வேண்டும். டாபர்மேன், பாக்ஸர் இனங்களில் முன்னறிவிப்பின்றி மரணம் நேர்வதுண்டு. அவற்றை வளர்ப்போர் ஆண்டுதோறும் பரிசோதிப்பது நலம்.

ஓடுகையில் நாய் துவண்டு விழுந்து, சில நொடிகளில் எழுந்து வாலாட்டினால், "வலிப்புத்தான், இரும்பைக் கையில் கொடு" என்பார் நம்மில் உளர். வலிப்பாயின் எழுந்த பின்னும் சிறிது நேரம் தடுமாற்றம் நீடிப்பதே வழக்கம். உடன் எழுந்து நடப்பது இருதய மயக்கமாய் இருக்கலாம். அக்காட்சியைக் கைப்பேசியில் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள். நூறு சொற்களினும் அது பயன் தரும். உறங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேல் தொடர்ந்து இருந்தாலும் தாமதியாதீர். தாத்தாவின் இருதய மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்காதீர். அளவு தவறினால் மருந்தே நஞ்சாகும். சாக்லேட்டும் நாய்க்கு ஆகாது. அதிலுள்ள பொருள் இருதயத்தை விரட்டும்.

நம்மை நம்பி நம் வாசலில் படுத்திருக்கும் உயிருக்கு நாம் செய்யக்கூடிய முதல் உதவி, அதன் துடிப்பை எண்ணிப் பார்ப்பதே. இன்றிரவே அதனைத் தொடங்குவோமாக.